படகில் வாட்டர் ஸ்கீ ரேக் மாட்டுவதும் பயன்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரில் சறுக்கும் ஸ்கீ பலகைகளைப் படகில் நிறுத்தி வைக்கும் தாங்கிதான் ஸ்கீ ரேக். அதை மாட்டப் போகிறவர்களும் மாட்டிவிட்டு அவதிப்படுகிறவர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் தடவை மாட்டுகிறவர்கள் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ரேக் கட்டாயம் வேணுமா? ஸ்கீயைப் படகுத் தரையிலயே போட்டுட்டா ஆகாதா?

தரையில் கிடக்கும் ஸ்கீயால் இரண்டு ஆபத்து. ஒன்று, ஆட்களுக்கு. ஸ்லாலம் ஸ்கீயின் (இரண்டு காலையும் வைத்துப் போகும் ஒற்றை ஸ்கீ) வால் பக்கம் இருக்கும் ஃபின் மெல்லிய உலோகத் தகடு. ஈரக்காலோடு படகுக்குள் ஏறுகிறவர் அதை மிதித்தால் பாதம் கிழியும். இரண்டு, ஸ்கீக்கு. அலையில் படகு குதிக்கும்போது இருக்கையின் முனையில் இடித்து ஸ்கீயின் ஓரம் பிளக்கும், ஃபின் நகர்ந்துவிடும். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் ஃபின்னை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்து வைத்திருப்பார்கள். ஒரே இடியில் அந்த அமைப்பு போய்விடும்.

உங்கள் படகின் தரைக்கு அடியில் ஸ்கீ வைக்கும் நீளப் பெட்டி இருந்து, ஸ்கீ அதில் முழுசாகப் போனால், தனியாக ரேக் தேவையில்லை. அங்கே கவனிக்க வேண்டியது ஈரம்தான். வடிகால் துளை அடைபடாமல் இருக்க வேண்டும், வீடு திரும்பியதும் மூடியைத் திறந்து காயவிட வேண்டும்.

எத்தனையோ வகை இருக்கே, என் படகுக்கு எது சரிப்படும்?

ரேக்கைப் பார்க்கும் முன் படகைப் பாருங்கள். டவர் (படகின்மேல் வளைவாக எழும்பும், இழுவைக் கயிறு கட்டும் குழாய்ச் சட்டம்) இருந்தால் டவர் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டும் ரேக் சிறந்தது. படகில் எங்கும் துளை போட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றி இடம் மாற்றலாம். டவர் இல்லாத ஃபைபர்கிளாஸ் படகுக்கு, பக்கச்சுவரின் உட்புறம் போல்ட் போட்டுப் பொருத்தும் ரேக். இதற்குத் துளை தேவை. பான்டூன் படகுக்கு (மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் கொண்டது) கைப்பிடிக் கம்பியில் மாட்டும் வகை. காற்றடைத்த படகுக்கு ரேக்கே வேண்டாம். உறையில் போட்டு, தரையில் பட்டையால் கட்டிவிடுங்கள்.

டவர் ரேக்கில் அசையாத வகையும் உண்டு, உள்பக்கம் திருப்பும் வகையும் உண்டு. படகு அகலமானதாக இருந்தாலோ, குட்டையான ஆட்கள் அதிகம் பயன்படுத்தினாலோ திருப்பும் வகைக்குக் கூடுதலாகச் செலவு செய்வது நியாயம். விளிம்புக்கு வெளியே எட்டி எட்டி ஸ்கீ எடுப்பதில்தான் ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள்.

டவர் குழாய் எத்தனை அங்குலம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெர்னியர் காலிப்பர் இருந்தால் நேராக அளந்துவிடலாம். இல்லாவிட்டால் நூல் போதும். குழாயை ஒரு சுற்று சுற்றி, நூல் சந்திக்கும் இடத்தில் குறியிட்டு, நீட்டி அளந்து 3.14ஆல் வகுங்கள். சுற்றளவு 16 செ.மீ. வந்தால் 2 அங்குலக் குழாய், 18 வந்தால் இரண்டே கால், 20 வந்தால் இரண்டரை. சாதாரண அளவுநாடாவைக் குழாயின் குறுக்கே பிடித்துக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் கால் அங்குலம் வரை தவறிவிடும். கிளாம்ப் விஷயத்தில் கால் அங்குலம் என்பது அடுத்த சைஸ்.

கிளாம்ப் எந்த இடத்தில் வரப்போகிறதோ அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். சில டவர்களில் குழாய் மேலே போகப்போகச் சிறுக்கும். சிலவற்றில் வளைவுக்குப் பக்கத்தில் லேசாக நசுங்கி முட்டை வடிவமாக இருக்கும். ஆகவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் வட்டக் கிளாம்ப் அங்கே பிடிக்காது. நேரான பகுதிக்கு நகருங்கள், அல்லது அந்த டவருக்கென்றே செய்த கிளாம்பை வாங்குங்கள்.

டவர்ல எந்த இடத்துல மாட்டறது? எல்லாரும் வேற வேற இடத்துல மாட்டியிருக்காங்க.

வேலை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இடம் தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த ரேக்கும் தொல்லைதான். ரேக்கை வாங்கும் முன்பே ஸ்கீ நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டி, ஒருவர் டவரில் பிடித்துக்கொள்ள, மற்றவர் படகைச் சுற்றி வந்து பார்த்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இழுவைக் கயிறு. ஸ்கீயர் பக்கவாட்டில் அகலமாக வெட்டிப் போகும்போது கயிறு படகின் பின்பகுதியைத் துடைத்துக்கொண்டு வரும். ரேக்கின் முள்ளோ (ஸ்கீயைப் பிளவில் ஏந்தும் கவை) ஸ்கீயின் வாலோ அந்தப் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு மாட்டும். கயிற்றைக் கொக்கியில் மாட்டி, கரையில் நிற்கும் ஒருவரை அதைப் பிடித்து இடமிருந்து வலம் நடக்கச் சொல்லுங்கள். ரேக்கும் அதில் வைத்த ஸ்கீயும் கயிற்றைக் கட்டும் கொக்கிக்கு முன்னாலேயே முடிய வேண்டும்.

அடுத்தது பார்வை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பின்பார்வைக் கண்ணாடியில் ஸ்கீயர் வரும் பகுதி முழுவதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ரேக் காலியாக இருக்கும்போது தெரிந்தால் போதாது, நிரம்பியிருக்கும்போதும் தெரிய வேண்டும். கடைசியாகத் தலை உயரம், துறையில் படகை அணைக்கும் பக்கம், டவரை மடிக்கும் கீல். மடித்த டவரில் ரேக் கண்ணாடித் தடுப்பின்மேல் போய் உட்காரும் படகுகள் உண்டு. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது கசப்பானது.

சரி, இடம் பார்த்தாச்சு. மாட்டறதைப் படிப்படியாச் சொல்லுங்க.

மாட்டும் இடத்தை ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மெழுகு பாலிஷ் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாம்ப் வழுக்கும். குழாய் அளவுக்கான ரப்பர் உள்வளையத்தை வையுங்கள். கிளாம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, போல்ட்டுகளைக் கைவிரலால் முறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். இந்த நிலையில் ரேக் தானாக விழாது, ஆனால் தள்ளினால் நகரும்.

இப்போது ஸ்கீயை வைத்துப் பாருங்கள். பைண்டிங் (பாதத்தை நுழைக்கும் பிடிப்பு) முள்ளின்மேல் ஏறக் கூடாது. வேக்போர்டில் (பக்கவாட்டில் நின்று போகும் அகலப் பலகை) இரண்டு பைண்டிங்குக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் முட்கள் அங்கே வந்து நிற்கும். ஸ்லாலம் ஸ்கீயில் பைண்டிங்குகள் ஒன்றை ஒன்று ஒட்டி இருப்பதால் முட்கள் அவற்றுக்கு வெளியே வர வேண்டும். ஸ்கீயின் மேல் ஓரம் லேசாகப் படகின் உள்பக்கம் சாய்ந்திருந்தால் குலுக்கலில் வெளியே உருளாது.

கோணம் சரி என்றதும் போல்ட்டுகளை மாறி மாறி, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக இறுக்குங்கள். கிளாம்பின் இரண்டு பக்கமும் தெரியும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் பிடிப்பு பாதிதான். ரேக்கோடு வரும் தாளில் முறுக்கு அளவு கொடுத்திருந்தால் டார்க் ரெஞ்சில் அதை வைத்தே முடியுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாருங்கள். ரப்பர் அமுங்கியிருக்கும், போல்ட் லேசாகத் தளர்ந்திருக்கும்.

போல்ட் ஒண்ணு தொலைஞ்சு போச்சு. கையில இருக்கற சாதாரண போல்ட்டைப் போட்டுக்கலாமா?

அன்றைக்கு வீடு போய்ச் சேர மட்டும் போடலாம். நிரந்தரமாக வேண்டுமானால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுதான். 304 நன்னீரில் தாங்கும், உப்புநீரில் பழுப்புக் கறை ஏறும். துத்தநாகம் பூசிய போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து, கழற்றவே முடியாமல் போகும்.

எஃகு போல்ட் அலுமினியத்தில் நேரடியாக உட்காரும்போது, ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி உதிர்வது அதன் அடையாளம். இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷரும், மரையில் அரிப்புத் தடுப்புப் பசையும் போட்டால் தவிர்க்கலாம். அதே பசை இன்னொன்றையும் தடுக்கும். துருப்பிடிக்காத எஃகு நட்டை அதே எஃகு போல்ட்டில் வறட்சியாக, வேகமாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். பவர் டிரில்லை வைத்து இறுக்காதீர்கள்.

தளராமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட் நல்லது. மரைப் பூட்டுத் திரவம் போடுவதானால் நீல நிற நடுத்தர வகை போதும். அது பிளாஸ்டிக் பாகத்தில் படக் கூடாது, பல வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விட வைக்கும்.

எவ்வளவு இறுக்கினாலும் ரேக் கீழ்ப்பக்கமாச் சுத்திடுது. இன்னும் பலமா இறுக்கட்டுமா?

வேண்டாம். அளவான இறுக்கத்தில் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு. பெரும்பாலும் உள்வளையம் ஒரு சைஸ் பெரியது, அல்லது குழாயில் மெழுகு இருக்கிறது, அல்லது குழாய் வட்டமாக இல்லை. கிளாம்பைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள். அழுத்தத் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி பதிந்திருந்தால் அளவு சரி. இரண்டு இடத்தில் மட்டும் பதிந்து நடுவில் பளபளப்பாக இருந்தால் அளவு தவறு. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுவது தற்காலிகமாக உதவும், வெயிலில் அது சீக்கிரம் பிசுபிசுத்துவிடும்.

மேலும் மேலும் இறுக்கினால் வார்ப்புக் கிளாம்ப் போல்ட் துளைக்குப் பக்கத்தில் கீறும், அல்லது டவர் குழாயே நசுங்கும். நசுங்கிய குழாய் ஒருவரை இழுக்கும் டவரில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

டவர்லயே துளை போட்டு ஒரு போல்ட் ஏத்திட்டா சுத்தவே சுத்தாதே?

சுற்றாதுதான், ஆனால் செய்யாதீர்கள். துளை போட்ட இடத்தில் அழுத்தம் குவிந்து, இழுவையும் குலுக்கலும் சேர்ந்து அங்கிருந்தே விரிசல் தொடங்கும். விளக்கு, ஸ்பீக்கர் கம்பிகள் பல டவர்களில் குழாய்க்குள்தான் ஓடுகின்றன. டிரில் அவற்றையும் துளைக்கும்.

டவர் இல்லை. ஃபைபர்கிளாஸ் பக்கச்சுவர்ல ரேக் போல்ட் பண்ணணும். தண்ணி இறங்காம எப்படிச் செய்யறது?

முதலில் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று கையையும் விளக்கையும் விட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங் கேபிள், பெட்ரோல் குழாய், ஒயர் எல்லாம் பக்கச்சுவரை ஒட்டித்தான் போகும். பின்பக்கம் கை எட்டாத இடத்தில் ரேக் வேண்டாம். அங்கே தானாக மரை வெட்டும் திருகுதான் போட முடியும், குலுக்கலில் அது பிடுங்கிக்கொண்டு வரும். நீர்மட்டத்துக்குக் கீழே வரும் பகுதியிலும், படகின் வெளித்தோலை ஊடுருவும்படியும் துளை கூடாது.

குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஜெல்கோட்டை (ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேல்பூச்சு) தாண்டும் வரை டிரில்லைப் பின்சுழற்சியில் ஓட்டினால் சில்லு பெயராது. துளையின் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவில் சீலன்ட் வளையமாகத் தங்கும், ஜெல்கோட்டில் நட்சத்திர விரிசலும் வராது. துளையிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். வெள்ளைத் தூளுக்குப் பிறகு மரத்தூளோ நுரைத்தூளோ வந்தால் உள்ளே பால்சா என்ற இலேசான மரம் அல்லது நுரை நடுப்படலம் இருக்கிறது. அப்படியே போல்ட் போட்டால் இறுக்கும்போது சுவர் அமுங்கும், தண்ணீர் இறங்கினால் பால்சா உள்ளுக்குள்ளேயே அழுகும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. அளவில் துளையைப் பெரிதாக்கி, பின்பக்கம் டேப் ஒட்டி, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியை நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, அதன் நடுவில் புதிதாகத் துளையிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் படகின் ஆயுளை இதுதான் காக்கும்.

பின்பக்கம் 4 முதல் 6 மி.மீ. அலுமினியத் தகடு கொடுத்து நட் போடுங்கள். சீலன்ட் பிதுங்கும் வரை மட்டும் முதலில் இறுக்கி, அது உலர்ந்த பிறகு கால் சுற்று கூட்டுங்கள். போல்ட்டை அசையாமல் பிடித்து நட்டைத்தான் திருப்ப வேண்டும், இல்லையேல் சீலன்ட் வளையம் அறுந்துவிடும். சீலன்ட்டில் சிலிக்கோன் வேண்டாம். அது விட்டுப்போகும் படலத்தின்மேல் பிறகு எதுவுமே ஒட்டாது. நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேனும் வேண்டாம், ரேக்கைக் கழற்றினால் ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். பாலிசல்பைடு நல்லது, ஆனால் ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கை அது கெடுக்கும். ரேக்கின் அடிப்பகுதி பிளாஸ்டிக்கானால் பியூட்டைல் டேப் பாதுகாப்பானது.

பான்டூன் படகுக் கம்பி தாங்குமா?

ஸ்கீயைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அந்தக் கம்பிவேலி மெல்லிய சதுரக் குழாய். ரேக்கைக் கைப்பிடியாக யாராவது பிடித்துத் தொங்கினால் வளையும். நிற்கும் கம்பிக்குப் பக்கத்தில், வேலியின் உள்பக்கமாக மாட்டுங்கள்.

ஸ்கீயோட முனை எந்தப் பக்கம் பார்க்கணும்? பைண்டிங் உள்ளேயா வெளியேயா?

முனை முன்பக்கம், பைண்டிங் வெளிப்பக்கம், ஃபின் பின்பக்கம் என்பது பொதுவாக ஒத்துவரும். கயிறு பற்றி மேலே சொன்ன சோதனையில் வால் தட்டினால் ஸ்கீயை முன்னுக்குத் தள்ளி வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் ரேக்கையே முன்னால் நகர்த்துங்கள். ஃபின் எந்தக் காரணத்தைக் கொண்டும் முள்ளின் பிளவுக்குள் இருக்கக் கூடாது, குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஃபின்னுக்கு உறை போட்டுவிடுவது இன்னும் நல்லது.

வைப்பதும் எடுப்பதும் எஞ்சினை அணைத்த பிறகுதான். தண்ணீரில் இருப்பவரிடமிருந்து ஸ்கீயை வாங்கும்போது புரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. திருப்பும் ரேக்கானால், வெளியே தள்ளியதும் பூட்டு முளை ‘டக்’கென்று விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

பங்கீ கயிறு எப்ப மாத்தணும்?

ஸ்கீயை ரேக்கில் இழுத்துக் கட்டும் மீள்கயிறுதான் பங்கீ. இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாதபோது, அல்லது மேலுறை பிரிந்து உள்ளே ரப்பர் இழைகள் தெரியும்போது. வெயில்தான் இதன் எமன். கொக்கியின் வாயையும் பாருங்கள், திறந்துகொண்டே வந்தால் மாற்றுங்கள். ஒரு ஜோடி எப்போதும் படகில் உபரியாக இருக்கட்டும்.

ரேக்குல ஸ்கீ இருக்கும்போதே படகை டிரெய்லர்ல இழுத்துட்டுப் போலாமா?

கூடாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். போட்டி ஸ்லாலத்தின் உச்ச வேகமே மணிக்கு 58 கி.மீ.தான். ரேக்குகள் ஏறக்குறைய அந்த அளவு வேகத்துக்குத்தான் பழகியவை. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. போனால், 50 கி.மீ. வேகத்தில் இருந்ததைப்போல நான்கு மடங்கு அழுத்தம் ஸ்கீமீது விழும். எதிரே லாரி கடக்கும்போது வரும் பக்கவாட்டு அடி வேறு. பங்கீ அறுந்தால் பின்னால் வருகிறவரின் கண்ணாடிக்கு ஸ்கீ போகும். ஸ்கீயை எடுத்து வண்டிக்குள் வையுங்கள். ரேக்கை உள்ளே திருப்பிப் பூட்டுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

ராத்திரியில படகு ஓட்டினா ரேக்கால ஏதாவது பிரச்சினை வருமா?

வரும், பலர் யோசிக்காத பிரச்சினை. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, சிறு படகின் சுற்றுமுழு வெள்ளை விளக்கு 360 பாகையிலும் தெரிய வேண்டும். பக்கவாட்டுச் சிவப்பு, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் முன்னிருந்து 112.5 பாகைக்குத் தெரிய வேண்டும். உயரம் குறைந்த கம்பத்தில் வெள்ளை விளக்கு இருந்தால், ரேக்கில் நிற்கும் பலகை ஒரு பக்கத்துக்கு அதை முழுசாக மறைத்துவிடும். அந்தத் திசையிலிருந்து வருகிறவருக்கு உங்கள் படகே கண்ணில் படாது. இருட்டும் முன் பலகைகளை இறக்கிவிடுங்கள், அல்லது விளக்கை டவரின் உச்சிக்கு மாற்றுங்கள்.

ஸ்கீயை ரேக்குலயே விட்டுட்டா என்ன? தினமும் போறோமே.

ரேக் அன்றைய ஓட்டத்துக்கான இடம், இருப்பு வைக்கும் இடம் இல்லை. கறுப்பு அடிப்பாகம் கொண்ட ஸ்கீ வெயிலில் கடுமையாகச் சூடேறும். உள்ளிருக்கும் நுரை விரிந்து, மேல் அடுக்கு கொப்பளித்துப் பிரியும். பைண்டிங் ரப்பரும் விறைத்துவிடும். படகை மூடும் உறைக்குள் ஈர ஸ்கீயை வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

வேக்சர்ஃப் பலகையையும் அதே ரேக்குல வைக்கலாமா?

பிளவின் அகலத்தைப் பாருங்கள். ஸ்கீக்கான பிளவு ஒடுக்கமானது. தடித்த சர்ஃப் பலகையைத் திணித்தால் ஓரம் நசுங்கும். ஸ்கீயை அகலப் பிளவில் வைத்தாலும் ஆடி ஆடித் தேயும். இரண்டும் உங்களிடம் இருந்தால், இரண்டு அளவுப் பிளவும் கொண்ட கூட்டு ரேக் வாங்குங்கள்.

ஓடும்போது கடகடன்னு சத்தம். எங்கேயிருந்து வருதுன்னே தெரியல.

படகு நிற்கும்போது ஸ்கீயை ஆட்டுங்கள். ஸ்கீ மட்டும் ஆடினால் முள்ளின் உட்புற ரப்பர் தேய்ந்துவிட்டது. முள்ளும் சேர்ந்து ஆடினால் முள்ளைப் பிடிக்கும் போல்ட் தளர்வு. ரேக் முழுவதும் ஆடினால் கிளாம்ப், அல்லது திருப்பும் முளை தேய்ந்து துளை பெரிதாகியிருக்கிறது. முளைக்குக் கிரீஸ் போடாதீர்கள், மணலைப் பிடித்துவைத்து அதுவே அரம்போலத் தேய்க்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் போதும். உப்புநீரில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் இந்தக் கழுவலைச் செய்ய வேண்டும், கிளாம்பை வருடம் ஒரு தடவை கழற்றி உள்ளே படிந்த உப்பையும் துடைக்க வேண்டும்.

முள்ளோட அடியில, வெல்டு பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல். திரும்ப வெல்டு வச்சா சரியாகிடுமா?

நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் பூச்சில் மட்டும் கீறலாக இருக்கலாம், அந்த இடத்தில் குறியிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு வளர்ந்திருக்கிறதா பாருங்கள். தட்டினால் அது உலோக விரிசல். அன்றே ரேக்கை இறக்கிவிடுங்கள்.

வெப்பப் பதம் ஏற்றிய அலுமினியம் வெல்டு சூட்டில் அந்த இடத்தைச் சுற்றி மென்மையாகிவிடும். திரும்ப வெல்டு வைத்தால் விரிசல் மூடும், ஆனால் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விடும். அந்த முள்ளை மட்டும் தனியாக மாற்ற முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் ரேக்கையே மாற்ற வேண்டியதுதான். மாற்றும் முன், அது ஏன் விரிசல் விட்டது என்பதையும் தேடுங்கள். ஸ்கீ நிரம்பிய ரேக்கோடு டிரெய்லர் ஓட்டம், துறைத்தூணில் இடி, ஆள் பிடித்து ஏறியது ஆகிய மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். காரணம் அப்படியே இருந்தால் புது முள்ளும் அதே இடத்தில்தான் கீறும்.